ஐந்து பேருக்கு நாலு கம்பளி

மகனே,

உன் பட்டியல் வந்து சேர்ந்தது. பெற்ற தகப்பனுக்கு நாலு வரி கடிதம் எழுத உனக்குக் கை வராது. ஆனால் மலைக்குப் போக என்னென்ன சாமான் வேண்டும் என்று ஆபீஸ் காகிதத்தில் இரண்டு பக்கம் டைப் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்ப வருகிறது. அதை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை உங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "இன்னாய்யா இது, புள்ள வூடு மாத்திகினு போறானா?" என்று கேட்டாள். மூன்றாம் முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கேட்ட கூடாரத்தைத் தைத்து முடித்துவிட்டேன். அது உன் கைக்கு வருமா வராதா என்பது இந்தக் கடிதத்தைப் பொறுத்தது. அதனால் முழுவதையும் படி. முதலில் தனியாகப் படி. அப்புறம் ஒரு தடவை இதை வாய்விட்டுப் படிக்க வேண்டியிருக்கும், அது யார் முன்னால் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் நேரில் சொல்லியிருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நீ வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கு வேறு பக்கம் போய்விட்டது. அரை டிராயர், முழங்கால் வரை சுற்றிய பட்டித் துணி, நடக்கும்போது கீச்சுக் கீச்சென்று கத்தும் புது பூட்ஸ், தலையில் சோலா தொப்பி. ராயபுரத்தில் நம் தெருவில் நாய்கூட உன்னை அடையாளம் தெரியாமல் குரைத்தது. முதுகில் மாட்டும் பை ஒன்றைக் காட்டி, மவுண்ட் ரோடு கடையில் வாங்கியது, துரைமார்கள் வாங்குகிற கடை என்றாய். ஸ்டவ், டின் பிஸ்கோத்து, எனாமல் தட்டு, மடக்கு நாற்காலி என்று நீ கொண்டுவந்ததையெல்லாம் அந்தப் பைக்குள்ளும் பைக்கு வெளியிலும் கட்டி, "இத்த தூக்கிகினு கல்மண்டபம் வரிக்கும் போய்ட்டு வா" என்றேன். தெருமுனைத் தண்ணீர்க் குழாய் வரை போனாய். இறக்கி வைத்துவிட்டு, பையின் வார் சரியில்லை என்றாய். நான் சிரித்தது தப்புதான். தெருவே சிரித்ததற்கு நான் பொறுப்பில்லை. உனக்காகப் பொரித்து வைத்த வஞ்சிரத்தைத் தொடாமல் எழுந்து போனாய். அதை நான்தான் தின்றேன்.

"நான் யாரையும் பார்த்துச் செய்யவில்லை, நாகரிகம் வளர்கிறது" என்று போகும்போது சொன்னாய். நான் துறைமுகத்தில் தார்ப்பாய்க் கிடங்கு மேஸ்திரி. உன் வயதுக்கு மேல் கான்வாஸோடும் கயிற்றோடும் குப்பை கொட்டியவன். ஒரு சாமானைப் பார்த்தால் அது வேலைக்கு வாங்கியதா வேடிக்கைக்கு வாங்கியதா என்று எனக்குத் தெரியும். மடக்குக் குளியல் தொட்டி என்று எழுதியிருக்கிறாய். நீங்கள் போவது நாகலாபுரம் மலைக்கு. அங்கே ஓடை ஓடுகிறது. ஓடைப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடைத் தண்ணீரைத் தொட்டியில் மொண்டு ஊற்றிக் குளிக்கப் போகிறாயா? மடக்குக் கட்டில் நாலு என்று எழுதியிருக்கிறாய். காடு என்ன ஆஸ்பத்திரியா? கிராமபோன் என்று வேறு ஒரு வரி இருக்கிறது. அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை, மை வீண்.

உனக்கு ஒன்று புரியவில்லை. கேட்லாக்கில் படம் போட்டு விற்கிற இந்தச் சாமான்களெல்லாம் துரைமார்களுக்கு இருபது பேர் சுமந்து போனவை. குளியல் தொட்டியைக் கண்டுபிடித்தவன் அதைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு ஒரு மேடுகூட ஏறியிருக்க மாட்டான். தூக்க ஆள் இருக்கிறவன் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். தூக்குகிறவன் தேர்ந்தெடுத்தால் உன் இரண்டு பக்கம் கால் பக்கமாகிவிடும். நீயும் உன் ஆபீஸ் தோஸ்துகளும் ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு துரை வேஷம் போடப் பார்க்கிறீர்கள். கார் மலையடிவாரம் வரைதான் போகும். அதற்கு மேல் நாலு நாள் நடை என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த நாலு நாளும் தொட்டியையும் கட்டிலையும் யார் தூக்குவது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டாய்.

கேட்டால் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காரில் கொண்டுபோவது வேறு, முதுகில் கொண்டுபோவது வேறு. கார் சுமக்கிற வரையில் கனத்தைப் பற்றிக் கவலைப்படாதே. குடிதண்ணீர், அரிசி, பெரிய பாத்திரம், ஸ்டவ் எல்லாம் காரோடு இருக்கட்டும். கான்வாஸ் தண்ணீர்ப் பையைக் காரின் முன்பக்கம் தொங்க விடுவது நல்ல பழக்கம், காற்றில் தண்ணீர் சில்லென்று ஆகும். ஆனால் கடையிலிருந்து வாங்கிய நாளே அதில் தண்ணீர் ஊற்றினால் புழல் ஏரி தாண்டுவதற்குள் பை காலி. இரண்டு நாள் ஊற வைத்து நூல் உப்பிய பிறகுதான் அது பையாகும். இது உன் கேட்லாக்கில் இல்லை. முதுகுக்கு என்றால் ஆளுக்கு ஒரு கறுப்புக் கம்பளி, பொதுவில் ஒரு பானை, ஒரு கத்தி, ஒரு கயிறு, அவல், உப்பு, கொஞ்சம் கருவாடு. கருவாடு நாறும் என்பாய். நாறட்டும், பசி வந்தால் அதுவே மணக்கும். தீப்பெட்டியை மூடி இறுகிய டப்பாவில் வை. அந்தப் புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு மலை ஏறினால் முதல் நாளே குதிகால் தோல் உரியும். ஆபீசுக்குப் போட்டுத் தேய்ந்த பழசைப் போட்டுக்கொள். மூட்டையைக் கட்டி முடித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு நம் தெருவிலேயே பத்துத் தடவை நட. எந்தச் சாமானைத் திட்டுகிறாயோ அதை எடுத்து வெளியே போடு.

சரி, உன்னைத் திட்டியாகிவிட்டது. இந்தப் பைத்தியத்தை உனக்கு ஏற்றியவன் யார் என்றும் பார்க்க வேண்டுமல்லவா. நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதே ஒரு காகிதம், துரை கையெழுத்துப் போட்டது, நான் நம்பிக்கையானவன், கயிறு கட்டுவதில் கெட்டிக்காரன் என்று எழுதியது, அதைப் பார்த்துத்தானே நீ வளர்ந்தாய். சர்வே துரையோடு மலையில் கூடாரம் போட்டுத் தங்கிய கதையை நீ சோறு தின்ன மறுக்கும்போதெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன். காட்டில் தீ மூட்டியது, கரடி வந்தது, துரை தோளில் தட்டியது. கரடி வரவில்லை. துரை தோளில் தட்டினான், ஆனால் அது எதற்காக என்று நான் உனக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். நானும் காசிமும் துறைமுகத்தில் ஒரே கும்பலில் சரக்குக் கட்டிக்கொண்டிருந்தோம். உன் காரை ஓட்டுகிற யூசுப்பின் அப்பா காசிம், தண்டையார்பேட்டைக் காசிம், உனக்குத் தெரிந்த காசிம்தான். மலையில் நிலம் அளக்கிற ஒரு துரைக்குக் கூடார ஆட்கள் காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள். கயிறு கட்டத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று துறைமுகத்தில் வந்து கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் போனோம். கயிறு எங்கள் பொறுப்பு. அதிலும் நான்தான் மூத்தவன், என் வார்த்தைதான் சட்டம்.

துறைமுகத்தில் எங்களுக்கு ஒரே பாடம். இழுத்துக் கட்டு. தளர்வாகக் கட்டிய மூட்டை கிரேனிலிருந்து நழுவினால் கீழே நிற்கிறவன் தலை போகும். தளர்ந்த முடிச்சைப் போட்டவனை எங்கள் கும்பலில் மனிதனாகவே மதிக்க மாட்டோம். மலையிலும் அதே மாதிரி கட்டினேன். கூடாரக் கயிறுகளைத் தட்டினால் வீணை போல ஒலிக்க வேண்டும் எனக்கு. நாலு நாள் வெயிலில் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் மேகம் கூடியது. காசிம் சமையல்காரனோடு பேசிவிட்டு வந்து, "மாமு, மழ வந்துச்சுன்னா கவுறு நனஞ்சி சுருங்குமாம். இப்பவே கொஞ்சம் தளத்தி வுடணும்னு சொல்றாங்கோ" என்றான். நான் அவனை மேலும் கீழும் பார்த்தேன். "தளத்திக் கட்றதுக்கு நான் இன்னா கண்ணாலப் பந்தலா போட வந்துகீறேன்? சோறாக்கறவன் பேச்ச கேட்டுகினு எனுக்கு கவுறு கட்டச் சொல்லித் தர்றியா?" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "உனுக்குத் தெரியாததா மாமு" என்று போய்விட்டான். அந்த மூன்று வார்த்தைதான் இத்தனை வருஷமாக என்னோடு இருக்கிறது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. கயிறு நனைய நனையச் சுருங்கியது. கீழே மண் ஊறிச் சேறானது. காசிம் துரைக்குத் தேநீர் போட உள்ளே ஸ்டவ்வைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான். நான் வெளியே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று, கயிறு எவ்வளவு முறுக்காக இருக்கிறது பார் என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணெதிரிலேயே ஒரு பக்கத்து முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு எழும்பின. நடுக்கம்பம் சாய்ந்தது. கான்வாஸ் முழுவதும் காசிம் மேல் விழுந்தது, ஸ்டவ் கவிழ்ந்தது, மண்ணெண்ணெய் அவன் வலது கை மேல் கொட்டிப் பற்றியது. ஈரக் கான்வாஸைக் கத்தியால் கிழித்து நான்தான் அவனை வெளியே இழுத்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் தேவையில்லை.

துரை ஓடிவந்தான். இந்தப் பக்கம் கயிறு கட்டியது யார் என்று இங்கிலீஷில் கேட்டான். எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இருந்தது. காசிமுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. அவன் சேற்றில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் நின்றுகொண்டே, அவன் காது கேட்கவே, காசிம்தான் கட்டினான் என்று துரையிடம் சொன்னவன் நான். நான் என்ன சொன்னேன் என்று அவனுக்குப் புரியவில்லை. தனக்காகத்தான் நான் பேசுகிறேன் என்று நினைத்து என்னை நிமிர்ந்து பார்த்தான். துரை என் தோளில் தட்டினான். காசிமை மறுநாளே மாட்டு வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அடிவாரம் வரைக்கும் நான் கூடவே போய் விட்டுவிட்டு, துரையிடம் திரும்பிப் போய் மூன்று மாதம் இருந்தேன். அதற்குத்தான் அந்தக் காகிதம். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் மேஸ்திரி வேலை. அந்த வேலையில்தான் நீ படித்தாய், டைப் அடிக்கக் கற்றாய், இந்தப் பட்டியலை அடித்தாய்.

காசிமின் வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. துறைமுகத்தில் கொக்கி பிடிக்க முடியாதவனுக்கு வேலை இல்லை. அன்றிலிருந்து தோல் மண்டி வாசலில் ஸ்டூல் போட்டுக் காவல் இருக்கிறான். கை போனதால்தான் துரை தன்னை அனுப்பிவிட்டான் என்றே இன்றுவரை நம்புகிறான். உன் கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டு, "நீ மட்டும் இல்லேன்னா நான் அங்கியே பூட்டிருப்பேன் மாமு" என்று சொன்னானே, நீயும் கேட்டாயே. நான் தலையை ஆட்டினேன். பந்தியில் போய் உட்கார்ந்து பாயசமும் குடித்தேன். உன் குளியல் தொட்டியைப் பார்த்து நான் சிரிக்கிறேனே, அன்று என்னைப் பார்த்துக் காறித் துப்ப யாருமில்லை என்பதுதான் வித்தியாசம்.

இப்போது மூன்றாம் முறை படித்தபோது என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ஆபீஸ்காரர்கள் நீங்கள் நாலு பேர், யூசுப் ஒருவன், ஆக ஐந்து பேர் போகிறீர்கள். கட்டில் நாலு. கம்பளி நாலு. தட்டு நாலு. கூடாரம் நாலு பேர் படுக்கிற அளவு. கடைசிக்கு முந்தின வரியில் "டிரைவர் காரில்" என்று அடித்திருக்கிறாய். பெயர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ உள்ளே பூட்ஸ் காட்டிக்கொண்டிருந்தபோது அவன் வெளியே வெயிலில் காரோடு நின்றான். நான் போய், "உள்ள வாடா, இன்னா புதுசா வெளிய நின்னுகீற?" என்று கேட்டேன். "சலாம் மாமா. வண்டியாண்டயே இருன்னு சொல்லிகீது" என்றான். சொன்னது நீ என்று சொல்லவில்லை. காசிமேட்டுக் கடலில் உனக்கு நீந்தக் கற்றுக் கொடுத்தவன் அவன். நீ முங்கியபோது முடியைப் பிடித்து இழுத்து வந்தவன் அவன். மலை ஏறும்போது தொட்டியையும் கட்டிலையும் யார் தூக்குவது என்று நீ எழுதாமல் விட்டதற்கும் விடை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடிவாரத்தில் டிரைவர் காரில் படுப்பான், மலையில் எல்லாவற்றையும் சுமப்பான். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்துதான் திட்டுகிறேன். கேவலமான காரியம் செய்திருக்கிறாய். அதை என்னிடமிருந்து கற்றிருக்கிறாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் உனக்குச் சொல்லிக் கொடுக்காத ஒன்றே ஒன்றை என்னிடமிருந்து நீயாகவே எடுத்துக்கொண்டாய்.

கூடாரத்தை ஐந்து பேருக்குத் தைத்திருக்கிறேன். கார் பக்கத்தில் போடுகிற கூடாரம் அது. மலைமேல் தூக்கிப் போக ஒற்றைக் கான்வாஸ் விரிப்பு ஒன்றும் தனியாக வைத்திருக்கிறேன், அதன் அடியிலும் ஐந்து பேர் படுக்கலாம். ஒவ்வொரு கயிற்றையும் கட்டியபின் முளையிலிருந்து இரண்டு விரல் தளர்த்தி விடு. மேகம் கூடினால் நாலு விரல். யாராவது வந்து தளர்த்தச் சொன்னால், சொல்கிறவன் யார் என்று பார்க்காதே.

அந்தக் கூடாரம் இப்போது நம் வீட்டில் இல்லை. நேற்று கைவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் போனேன். காசிம் வீட்டில் இறக்கி வைத்தேன். நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவன் ஒட்டிய விரல்களுக்கு நடுவில் கிளாஸை இடுக்கி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிக் குடித்தேன். வாய் திறக்கவில்லை. இந்த வயதிலும் நான் எவ்வளவு பெரிய கோழை என்று பார்த்துக்கொள். "இன்னா மாமு இது, என் கையில எதுக்கு குடுக்குற?" என்று கேட்டான். "எம்புள்ள வருவான். ஒரு கடுதாசி படிப்பான். நீயும் யூசுப்பும் குந்திக் கேளுங்கோ. கேட்டப்பால இத்த அவனாண்ட குடுக்கறதோ, கிழிச்சிப் போடறதோ உன் இஷ்டம்" என்றேன். அவன் சிரித்தான். "உன் புள்ளைக்கு நான் எதுக்கு மாமு குடுக்காம போறேன்" என்றான். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுவரிலிருந்த காகிதத்தைக் கழற்றி இதோடு வைத்திருக்கிறேன். அதையும் படித்து, தமிழில் அவனுக்குச் சொல். மலைக்குப் போகிறாயா இல்லையா என்பது இனி உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. காசிம் கூடாரத்தைக் கொடுத்தால் ஐந்து கம்பளி எடுத்துக்கொண்டு போய் வா. கொடுக்காவிட்டால் வாசலில் நின்று வாதாடாமல் திரும்பி வா. என்னை ஏதாவது சொன்னால், சொன்னபடியே எனக்கு வந்து சொல், மரியாதைக்காக ஒரு வார்த்தையையும் குறைக்காதே.

படிக்கும்போது உன்னைத் திட்டிய இடங்களைத் தாண்டிப் போகாதே. டிரைவர் காரில் என்ற வரியை யூசுப் முகத்துக்கு நேராக உன் வாயால் படி. காசிமுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், அதனால் குரலைத் தாழ்த்தாதே. துரையிடம் நான் என்ன சொன்னேன் என்கிற இடம் வரும்போது அவன் உன்னை நிறுத்தி, இன்னொரு தடவை படி என்பான். இன்னொரு தடவை படி.

இப்படிக்கு,
உன் தகப்பன்